சாவியைக் கொடுப்பதற்கு முன்: லீஸ் காரின் பள்ளங்களும் கீறல்களும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலை, காவேரிப்பட்டணத்தில் வீடு. நிறுவனத்தின் வழியாக 48 மாத லீஸில் எடுத்த கார் அடுத்த மாதம் திரும்பப் போகிறது. இடப்பக்கப் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். முன் பம்பரின் வலது மூலையில் கேட் தூண் உரசிய தடம். தொப்பூர் அருகே டிப்பரிலிருந்து தெறித்த கல் முன் கண்ணாடியில் வைத்த புள்ளி. பின் இருக்கையில் குழந்தை கொட்டிய மாம்பழச் சாற்றின் கறை. இவற்றைச் சரிசெய்து கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா, நண்பர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஒரே விபத்தாகக் காட்டி இன்சூரன்ஸில் முடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது: “எவ்வளவு பிடிப்பார்கள் என்று அலுவலகத்தில் கேட்டால், வண்டி போன பிறகுதான் தெரியும் என்கிறார்கள்.” பள்ளத்தை விட இந்த வரிதான் உங்களுக்கு அதிகச் செலவு வைக்கும். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஒன்பது ஆண்டுகள் பட்டறையில் வேலை செய்தவன். அதன் பிறகு இருபது ஆண்டுகளாக, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விபத்து வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர். வழக்கறிஞன் அல்ல, உங்கள் ஒப்பந்தத்தையும் நான் படிக்கவில்லை. எனவே தகரம், பெயிண்ட், கிளெய்ம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வழிகாட்டுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவன லீஸில் பெரும்பாலும் ஒப்பந்தம் லீஸ் கம்பெனிக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையில்தான் இருக்கும். நீங்கள் கையெழுத்திட்டது நிறுவனத்தின் உள்விதிப் படிவத்தில். அதனால்தான் நான்கு ஆண்டுகள் ஓட்டிய பிறகும் பலர் மூல ஒப்பந்தத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதன் பின்னிணைப்பில் வண்டியை எந்த நிலையில் திருப்ப வேண்டும் என்று ஒரு பக்கமாவது இருக்கும். சில ஒப்பந்தங்களில் எத்தனை சென்டிமீட்டர் கீறல் வரை பொறுப்பார்கள், டயரில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருப்பார்கள். சிலவற்றில் “நியாயமான தேய்மானம் நீங்கலாக” என்ற ஒரே தொடரோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் பட்டறைக்குப் போகாதீர்கள். நாளைக்கே மனிதவளப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பி அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும். அதே மின்னஞ்சலில் இன்னொன்றையும் கேளுங்கள்: மீதமதிப்பை, அதாவது லீஸ் முடியும்போது வண்டிக்கு ஒப்பந்தம் வைத்திருக்கும் விலையை, கட்டி வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ள வழி உண்டா? உண்டென்றால், அந்தத் தொகை சந்தை விலையை விடக் குறைவாகவும் இருந்தால், சேதக் கணக்கே எழாது.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அளவுகோல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. அங்கே வாடகை, லீஸ் கம்பெனிகளின் சங்கம் எது நியாயமான தேய்மானம், எது சேதம் என்று ஒரு கையேடே வெளியிட்டிருக்கிறது. அடிப்பூச்சோ தகரமோ தெரியாத, 25 மில்லிமீட்டருக்குள் அடங்கும் மேலோட்டமான கீறல் ஏற்கத்தக்கது என்பது போன்ற விதிகள் அதில் உண்டு. திருப்புவதற்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் முன்பே வண்டியைச் சுற்றிப் பாருங்கள் என்றும் அது சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் நாட்டில் எல்லா லீஸ் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் அப்படி ஒரு பொது அளவுகோல் கிடையாது. இங்கே உங்கள் ஒப்பந்தத்தின் அந்த ஒரு பக்கம்தான் விதி. அது தெளிவில்லாமல் இருந்தால், “இந்த ஊர்ச் சாலையில் நான்கு ஆண்டு ஓடிய வண்டி இப்படித்தான் இருக்கும்” என்று காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் வண்டியில் எது தேய்மானம், எது சேதம் என்பதைப் பார்ப்போம். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தினமும் ஓடும் வண்டியின் பானெட் முனையிலும் பம்பரிலும் ஊசிமுனை அளவு கல்தெறிப்புகள் இல்லாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன். நம் பகுதியில் கிரானைட் லாரியும் ஜல்லி டிப்பரும் முன்னால் போகாத நாள் உண்டா? இதைத் தேய்மானம் என்று துணிந்து வாதிடலாம். கூரையிலும் கண்ணாடியிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருக்கும்; நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை செய்யும் வேலை அது. ஃப்ளோரைடு தொல்லைக்காக ஒகேனக்கல்லிலிருந்து குழாய் இழுத்து வந்த மாவட்டங்கள் இவை. அதே நிலத்தடி நீரில் வெயிலில் வண்டியைக் கழுவி அப்படியே காயவிட்டால் உப்பு படிந்து மேல்பூச்சைக் கடித்துவிடுகிறது. ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை வைத்து ஒரு பாலிஷ் போட்டால் பெரும்பகுதி போய்விடும். சுரண்டி மட்டும் எடுக்காதீர்கள்.

கீறலுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. வண்டியைக் கழுவித் துடைத்து, நகத்தைக் கீறலின் குறுக்கே இழுங்கள். நகம் சிக்காமல் வழுக்கினால் அது மேல்பூச்சோடு நிற்கிறது, பாலிஷில் மறையும். நகம் சிக்கினால் பாலிஷ் முழுதாகத் தீர்க்காது. உள்ளே சாம்பலோ வெள்ளையோ தகரமோ தெரிந்தால் அது சேதம்தான், வாதாட இடமில்லை. பம்பர் மூலையில் நீங்கள் சொல்லும் தடத்தில் தூணின் சுண்ணாம்பும் பெயிண்டும் ஒட்டியிருக்கக்கூடும். பல நேரங்களில் கீறல் என்று நாம் நினைப்பதில் பாதி, வண்டியின் மேல் ஒட்டிய தூணின் பூச்சுதான். ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்துப் பார்த்த பிறகே பெயிண்ட் பற்றி யோசியுங்கள். இருக்கைக் கறைக்கு நல்ல உள்சுத்தம் போதும். துணி கிழிந்திருந்தால்தான் வேறு கதை.

கதவுப் பள்ளம்தான் யோசித்துச் செய்ய வேண்டியது. பெயிண்ட் உடையாமல், விளிம்பு மடியாமல், வழவழப்பாக உள்ளே போயிருந்தால், பட்டி என்ற நிரப்புப் பசை வைக்காமல் உள்ளிருந்து கம்பியால் மெல்லத் தள்ளியே எடுத்துவிடுபவர்கள் பெங்களூருவில் இருக்கிறார்கள். அது கிடைத்தால் முதல் தேர்வு அதுதான். காரணம், தொழிற்சாலைப் பெயிண்ட் அப்படியே நிற்கும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது லீஸ் கம்பெனிக்காகப் பார்க்க வரும் பரிசோதகரின் கையில் பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி இருக்கும். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். பட்டி வைத்து மறுபடி அடித்த இடத்தில் அது பல மடங்கு எகிறும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் இந்தக் கருவி அங்கே பேசாது, கதவில் பேசிவிடும். அவசரத்தில் தெருமுனைப் பட்டறையில் பட்டி அப்பி, நிறம் ஒரு சாயல் மாறிப் போன கதவு, பள்ளம் உள்ள கதவை விட மோசமாகக் குறிக்கப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பள்ளம் என்றால் ஒரு பள்ளத்தின் காசு. மட்டமான பெயிண்ட் என்றால் “பழைய விபத்து வண்டி” என்ற பெயர். நம் டிங்கர்களை, தகரம் தட்டிச் சரிசெய்பவர்களை, குறை சொல்லவில்லை. நானே அந்தப் பட்டறையில் வளர்ந்தவன். மெட்டாலிக் நிறத்தைச் சேர்க்கத் தெரிந்த, பக்கத்துப் பேனல்வரை நிறத்தைக் கரைத்து அடிக்கும் பொறுமையுள்ள ஆள் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். பில்லையும் வாங்கி வையுங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் யோசனை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அறிவுரைக்காகச் சொல்லவில்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வண்டியைப் பார்ப்பவன் நான். இடது பின்கதவும் வலது முன் பம்பரும் ஒரே மோதலில் அடிபட, வண்டி நடுரோட்டில் சுழன்றிருக்க வேண்டும். அப்படிச் சுழன்ற வண்டி இந்த இரண்டு இடத்தோடு நின்றிருக்காது. கதவுப் பள்ளத்தின் உயரம் இரு சக்கர வண்டியின் கைப்பிடி உயரத்தோடு பொருந்தும். பம்பர் தடத்தின் உயரம் தூணோடு பொருந்தும். கீறல் ஓடும் திசை வேறு, ஒட்டியிருக்கும் நிறம் வேறு. பழைய கீறலில் தூசி இறுகிப் போயிருக்கும், தகரம் தெரிந்த இடத்தில் துரு இருக்கும். நேற்று பட்டதா போன ஆடியில் பட்டதா என்று சொல்ல எனக்குப் பெரிய கருவி தேவையில்லை. ஈரத்துணியும் டார்ச் விளக்கும் போதும். இன்சூரன்ஸ் ஒப்பந்தம் உண்மையைச் சொல்வோம் என்ற நம்பிக்கையில் நிற்பது. கிளெய்ம் படிவத்தில் பொய் எழுதினால் முழு கிளெய்மும் நிராகரிக்கப்படலாம். உங்கள் விஷயத்தில் பாலிசி நிறுவனத்தின் பெயரிலோ லீஸ் கம்பெனியின் பெயரிலோ இருந்தால், அந்த நிராகரிப்புக் கடிதம் உங்கள் மேலாளர் மேசைக்குப் போகும்.

உண்மையான ஒரு நிகழ்வை அதன் தேதியோடும் இடத்தோடும் சொல்லிக் கிளெய்ம் செய்வது வேறு. அது உங்கள் உரிமை. ஒவ்வொரு நிகழ்வும் ஒவ்வொரு கிளெய்ம். நடந்த உடனே தெரிவித்திருக்க வேண்டும். மாதங்கள் கழித்துச் சொன்னால் ஏன் தாமதம் என்ற கேள்வி வரும். வரும் தொகையும் பலர் நினைப்பதை விடக் குறைவு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். மூன்று முதல் நான்கு ஆண்டு வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்டிங் கூலியும் பொருளும் சேர்ந்த பில்லில் நான்கில் ஒரு பங்கைப் பொருள் என்று கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். கடைசியில் 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் பங்கு. கணக்குக்காக ஒரு பில் எடுத்துக்கொள்வோம்: பம்பர் 8,000, பெயிண்டிங் 6,000, கழற்றி மாட்டும் கூலி 2,000, மொத்தம் 16,000. பம்பரில் 4,000, பெயிண்டில் 750, கட்டாயப் பங்கு 1,000 போக, கிடைப்பது 10,250. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் 15,000 வரும்.

இந்த 10,250-ஐப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுத்துப் பெயரைப் பாருங்கள். நிறுவன லீஸ் சிலவற்றில் ஆர்.சி. ஊழியரின் பெயரிலேயே, லீஸ் குறிப்போடு இருக்கும். பாலிசியும் உங்கள் பெயரில் இருந்து, நான்கு ஆண்டும் கிளெய்ம் செய்யாமல் இருந்தால், 45 சதவீத நோ கிளெய்ம் போனஸுக்கு, அதாவது கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிக்கு, தகுதி பெறுகிறீர்கள். அது வண்டியைச் சேர்ந்ததல்ல, உங்களைச் சேர்ந்தது. வண்டியைத் திருப்பும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்குச் சான்று வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பங்கு) 45 சதவீதம் என்பது சின்னத் தொகை அல்ல. கடைசி மாதத்தில் ஒரு பம்பருக்காக அதை உடைத்துக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லவில்லை. பாலிசி லீஸ் கம்பெனியின் பெயரில் என்றால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. ஆனால் கிளெய்ம் போடும் முடிவும் அவர்களுடையது.

வண்டியை ஒப்படைக்கும் நாள்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். பர்கூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வண்டியை எடுத்துப்போக ஓர் ஓட்டுநர் வந்தார். மாலை ஆறரை மணி, மழைத்தூறல், வண்டி முழுக்கச் சேறு. சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது: வலப்பக்கக் கண்ணாடிக் கூடு உடைவு, பின் பம்பர் விரிசல், ஸ்டெப்னி இல்லை. இவை அந்தப் பயணத்திலா, அவர்கள் முற்றத்திலா, இவர் கையிலா, எங்கே நடந்தது என்று நிரூபிக்க இவரிடம் ஒரு காகிதமும் இல்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர் பொய் சொல்பவர் அல்ல. அவரிடம் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பகலில், கழுவித் துடைத்த வண்டியை, பரிசோதகர் வந்து உங்கள் முன்னால் பார்க்க வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். அவர் குறிப்பதை நீங்களும் பார்த்து, ஏற்காத வரிக்குப் பக்கத்தில் “ஏற்கவில்லை” என்று எழுதியே கையெழுத்திடுங்கள். பரிசோதகர் வராமல் ஓட்டுநர் மட்டும் வந்தால், ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், இருக்கும் குறைகள், கொடுக்கும் பொருள்கள் எல்லாம் எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு பேனலையும், நான்கு சக்கரத்தையும், ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி, சர்வீஸ் புத்தகம் ஆகியவற்றையும் படமெடுங்கள். அதன் பிறகு வண்டியைச் சுற்றி ஒரே மூச்சில் ஒரு காணொளி. அன்றே அவற்றை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் தானே சாட்சியாகும். இரண்டாவது சாவியைத் தொலைத்திருந்தால் இப்போதே தேடுங்கள். இந்தக் காலச் சாவியின் விலை, ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவை எட்டிவிடும். டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது சட்டமே. ஒப்பந்தம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம்.

ஒப்படைப்புச் சீட்டு பணத்துக்காக மட்டுமல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 2(30) பிரிவு, லீஸ் ஒப்பந்தத்தின்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவரையே உரிமையாளர் என்கிறது. வண்டி எந்த மணிக்கு உங்கள் கையை விட்டுப் போனது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால் இன்னும் கவனம்: பெயர் மாறும்வரை, நடக்கும் விபத்துக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெற்றாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். தேதி போட்டுக் கொடுங்கள், நகல் வையுங்கள், ஒரு மாதம் கழித்து அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறியதா என்று பாருங்கள். ஃபாஸ்டேக்கையும் அன்றே வங்கியில் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி கிருஷ்ணகிரி டோலைத் தாண்டும்போது முதல் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.

இத்தனையும் செய்த பிறகும் பெரிய தொகை கேட்டால், ஒவ்வொரு வரிக்கும் படமும் பட்டறை மதிப்பீடும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், அதற்குள் அடங்கும் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். ஆனால் இங்கே எனக்கு உறுதி குறைவு. ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும்போது உங்களை நுகர்வோராக ஏற்பார்களா என்பது வாதத்துக்குரியது. ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் அதில் இறங்காதீர்கள்.

கதவையும் பம்பரையும் பற்றி, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம் கைக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம். முன் கண்ணாடிப் புள்ளி மட்டும் காத்திருக்காது. இந்த வாரமே காட்டுங்கள். நாணய அளவுக்குள் இருந்து, கீற்று ஓடாமல் இருந்தால் பிசின் நிரப்பி நிறுத்திவிடலாம். வெயிலில் நின்ற வண்டியில் ஏறி ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிமேல் திருப்பினால், அந்தப் புள்ளி ஒரே நாளில் கோடாகி, முழுக் கண்ணாடியையும் மாற்ற வைத்துவிடும். அதுவரை வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.